ஐந்து சுவிட்ச் ஸ்டாக்கில் நடுவில் இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். போன முறை கட்டடமே ஊமையாகிவிட்டது

சாவித்துவாரம் | வியாழன், இரவு 10.15

வணக்கம். ஒரு கல்லூரியின் நிர்வாகக் கட்டடத்தில் வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே ரேக்கில் சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9300 சுவிட்ச் ஐந்து, எல்லாம் ஸ்டாக் கேபிளால் கோத்து ஒரே சுவிட்ச் போல ஓடும் ஒரே ஸ்டாக். போன வாரம் விழுந்த இடி, வெளியே கம்பத்தில் இருக்கும் கேமராக்களின் கேபிள் வழியாக உள்ளே வந்து மூன்றாவது சுவிட்சின் முதல் பன்னிரண்டு போர்ட்டுகளைத் தீய்த்துவிட்டது. மீதிப் போர்ட்டுகள் ஓடுகின்றன. மாற்றுச் சுவிட்ச் வந்துவிட்டது, புத்தம் புதியது. சனிக்கிழமை மதியம் மாற்றலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன்.

கை நடுங்குவதற்குக் காரணம் உண்டு. போன வருடம் நான்கு சுவிட்சாக இருந்த ஸ்டாக்கில் ஐந்தாவதைச் சேர்த்தபோது, ஸ்டாக் கேபிளைச் செருகிய மறு நிமிடம் நான்கும் ஒன்றாக மறுதொடக்கம் ஆயின. எழுந்து வந்தபோது கான்ஃபிக், அதாவது நாங்கள் எழுதிவைத்த அமைப்பு, ஒரு வரிகூட இல்லை. பிரிவுகளைத் தனித்தனியாக வைக்கும் வீலேன் இல்லை, ஐபி இல்லை, தொலைபேசி இல்லை. பிரதியிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினால் சுவிட்சுகளின் எண்களே மாறிக் கிடந்தன. கணக்குப் பிரிவின் கான்ஃபிக் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தது. சரிசெய்து முடிக்க மாலையாகிவிட்டது. அன்று என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. புரியாமல் சனிக்கிழமை அந்த ரேக்கைத் தொட மனம் வரவில்லை.

பழைய_கன்சோல் | வியாழன், இரவு 10.50

மூன்று கேள்விகள். அந்த ஐந்தாவது சுவிட்ச் புதியதா, வேறெங்காவது இருந்ததா? ஸ்டாக் கேபிளைச் செருகும்போது அதில் மின்சாரம் இருந்ததா? இப்போது 'ஷோ சுவிட்ச்' கொடுத்தால் எது ஆக்டிவ் (ஸ்டாக்கை நடத்தும் தலைவன்), யாருக்கு என்ன பிரயாரிட்டி (முன்னுரிமை எண்)?

சாவித்துவாரம் | வியாழன், இரவு 11.20

நூலகக் கட்டடத்தில் இருந்த ஸ்டாக்கைக் கலைத்தபோது எடுத்து வைத்தது. அங்கே மேல்தட்டில் முதலாவதாக இருந்தது. 'ரைட் இரேஸ்' கொடுத்துத் துடைத்துவிட்டுத்தான் கொண்டுவந்தேன். மின்சாரம் இருந்தது. வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்படியே செருகினேன்.

'ஷோ சுவிட்ச்' பார்த்தேன். ஒன்று முதல் நான்கு வரை பிரயாரிட்டி 1. ஐந்தாவதற்கு மட்டும் 15. ஆக்டிவ் என்று நிற்பதும் அந்த ஐந்தாவதுதான்.

பழைய_கன்சோல் | வியாழன், இரவு 11.55

எதிர்பார்த்ததுதான். ஒரே உறையில் இரண்டு கத்தியைச் செருகியிருக்கிறீர்கள்.

தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சுவிட்ச், அது ஒற்றையாக இருந்தாலும், தன்னளவில் ஓர் ஆக்டிவ். உங்கள் நான்கு சுவிட்சுகளுக்கும் ஓர் ஆக்டிவ் இருந்தது. கேபிள் செருகியதும் இரண்டு ஆக்டிவ்கள் சந்திக்கின்றன. இதை ஸ்டாக் இணைப்பு என்பார்கள். இருவரில் ஒருவர்தான் இருக்க முடியும் என்பதால் தேர்தல். பிரயாரிட்டி அதிகம் உள்ளது ஜெயிக்கும். தோற்ற பக்கம் முழுவதும், நான்கானாலும் ஏழானாலும், மறுதொடக்கம் ஆகி, ஜெயித்தவரின் கான்ஃபிக்கை ஏற்றுக்கொண்டு உறுப்பினராகச் சேரும். ஜெயித்தவரிடம் நீங்கள் துடைத்துவைத்த வெற்றுக் கான்ஃபிக் இருந்தது. அதைத்தான் நான்கும் பணிவோடு வாங்கிக்கொண்டன.

'துடைத்தேனே' என்பீர்கள். பிரயாரிட்டியும் உறுப்பினர் எண்ணும் கான்ஃபிக் கோப்பில் இருப்பவை அல்ல. சுவிட்ச் எழும்போது படிக்கும் வேறொரு நினைவிடத்தில் இருக்கின்றன. 'ரைட் இரேஸ்' அங்கே போகாது. நூலகத்தில் தலைவனாக இருக்கட்டும் என்று எவரோ 15 கொடுத்திருக்கிறார். அது அந்த 15ஐயும், எண் 1 என்பதையும் சுமந்துகொண்டே உங்கள் ரேக்குக்கு வந்தது. உங்கள் பழைய முதலாவது சுவிட்ச், எண் 1 பறிபோனதால், காலியாக இருந்த எண்களில் மிகச் சிறியதை, அதாவது 5ஐ எடுத்துக்கொண்டது. கணக்குப் பிரிவு வரவேற்பறைக்கு வந்த கதை அதுதான்.

மின்சாரம் இல்லாத நிலையில் கேபிளைச் செருகி, பிறகு மின்சாரம் கொடுத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. எழும்போதே ஆக்டிவ் ஒருவர் இருப்பதைப் பார்த்து, பிரயாரிட்டி 15 என்றாலும் வாயை மூடிக்கொண்டு உறுப்பினராகச் சேர்ந்திருக்கும். பதவியில் இருப்பவரை அது தள்ளாது. அடுத்த முறை ஸ்டாக் முழுவதும் மறுதொடக்கம் ஆகும்போதுதான் 15 பேசும்.

தனித்தீவு | வெள்ளி, காலை 7.05

இதற்குத்தான் ஸ்டாக்கே வேண்டாம் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன். ஐந்து சுவிட்சுக்கு ஒரே மூளை என்றால், அந்த மூளைக்கு வரும் தலைவலியும் ஐந்துக்கும் சேர்த்துத்தான். தனித்தனியாக இருந்திருந்தால் சாவித்துவாரம் செருகிய சுவிட்ச் மட்டும் வெறுமையாக நின்றிருக்கும். மற்ற நான்குக்கும் அது தெரிந்தே இருக்காது.

'ஓர் ஐபி, ஒரு கான்ஃபிக், நிர்வாகம் சுலபம்' என்பது 2003இல் சிஸ்கோவின் 3750 சுவிட்ச் வந்தபோது நல்ல வாதம். அன்று ஒவ்வொரு சுவிட்சாக உள்நுழைந்து கையால் தட்டிக்கொண்டிருந்தோம். இன்று பல கருவிகளுக்கு ஒரேயடியாகக் கட்டளை அனுப்பும் அன்சிபிள் மென்பொருள் இருக்கிறது. ஐந்து சுவிட்சுக்கும் ஐம்பது சுவிட்சுக்கும் ஒரே கோப்பிலிருந்து கான்ஃபிக் தள்ளலாம். நிர்வாகத்தை ஒன்றாக்க மூளையை ஒன்றாக்க வேண்டியதில்லை.

செம்புக்கம்பி | வெள்ளி, காலை 8.30

தனித்தீவு ஐயா, உங்கள் கணக்கில் கண்ணாடி இழை இல்லை. ஐந்து சுவிட்சைத் தனித்தனியாக வைத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு மேலிணைப்பு கொடுத்தால் பத்து இணைப்பு. ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டு இழை, இரு முனையிலும் ஒளிமாடுல், மறுமுனையில் கோரில், அதாவது எல்லாம் போய்ச் சேரும் மையச் சுவிட்சில், பத்து போர்ட். பழைய கல்லூரிக் கட்டடங்கள் பலவற்றுக்குப் போயிருப்பது ஆறு இழையோ பன்னிரண்டு இழையோ உள்ள ஒரே கேபிள். அதில் பாதி ஏற்கெனவே போயிருக்கும்.

ஸ்டாக்கில் முதல் சுவிட்சிலிருந்து ஒன்று, கடைசிச் சுவிட்சிலிருந்து ஒன்று என இரண்டே இணைப்பு. இரண்டையும் போர்ட்-சேனலாக, அதாவது ஒரே இணைப்பு போல, கட்டலாம். சுற்று வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ எதையும் அடைத்து வைக்காது, இரண்டும் வேலை செய்யும். ஒரு சுவிட்ச் செத்தாலும் மற்றது வழியாகப் போகும். இதை அன்சிபிள் கொண்டு செய்ய முடியாது. தனித்தனி மூளையுள்ள இரண்டு சாதாரணத் தளச் சுவிட்சுகளுக்குக் குறுக்கே போர்ட்-சேனல் கட்ட முடியாது.

தனித்தீவு | வெள்ளி, காலை 9.10

இழைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். தளங்களில், அதாவது மேசைக் கணினியும் தொலைபேசியும் தொங்கும் இடங்களில், ஸ்டாக் இருந்துவிட்டுப் போகட்டும். நான் மல்லுக்கட்டுவது கோருக்காக. கோரில் இரண்டு சுவிட்சை ஸ்டாக் செய்து 'இரண்டு இருக்கிறது, பாதுகாப்பு' என்று தூங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். மென்பொருள் மேம்படுத்தும் நாளன்று இரண்டும் ஒன்றாக மறுதொடக்கம் ஆகும்போது அந்தத் தூக்கம் கலையும். அங்கே எம்எல்ஏஜி வகைதான் சரி. சிஸ்கோவின் நெக்ஸஸ் சுவிட்சில் அதன் பெயர் விபிசி, அரிஸ்டா நிறுவனத்தில் எம்எல்ஏஜி. கீழே இருப்பவருக்கு ஒரே சுவிட்ச் போலத் தெரியும், உள்ளே இரண்டு தனி மூளை, இரண்டு தனி கான்ஃபிக். ஒன்றை மேம்படுத்தி முடித்து, மறுநாள் மற்றதைத் தொடலாம்.

இரண்டு கான்ஃபிக்கையும் ஒன்றுபோல வைத்திருக்கும் பாடு உங்களுடையது. அந்தப் பாட்டை நான் பட்டுக்கொள்வேன்.

இரவு_ஷிஃப்ட் | வெள்ளி, பிற்பகல் 1.40

நான் ஜூனிபர் நிறுவனச் சுவிட்சுகளின் பக்கம். அங்கே ஸ்டாக்குக்கு விர்ச்சுவல் சேசிஸ் என்று பெயர். 2008இல் இஎக்ஸ்4200 வந்தபோதே பத்துச் சுவிட்ச் வரை சேர்க்கலாம் என்றார்கள். ஓர் இடத்தில் மட்டும் பழக்கம் மாறும். சிஸ்கோவில் ஒருவருக்கு 15, இன்னொருவருக்கு 14 என்று ஏணி கட்டுகிறோம். ஜூனிபரில் தலைவராக வரக்கூடிய இருவருக்கும் ஒரே எண்ணை, 255ஐக் கொடுக்கச் சொல்வார்கள். ஒருவர் விழுந்து எழுந்து வந்ததும் 'என் நாற்காலி' என்று பதவியைத் திரும்பப் பறிக்காமல் இருப்பதற்காக. அங்கே எண் பெரியதாக இருந்தால் பறிப்பார்.

இரண்டே உறுப்பினர் என்றால், ஸ்டாக் இரண்டாகப் பிளந்ததா என்று பார்க்கும் பிளவு கண்டறிதலை அணைத்து வைக்கவும் சொல்வார்கள். அணைக்காவிட்டால், ஒன்று செத்ததா இணைப்பு அறுந்ததா என்று தெரியாமல், உயிரோடு இருப்பதும் தன்னை முடக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.

செம்புக்கம்பி | வெள்ளி, பிற்பகல் 2.15

எச்பி, எச்3சி நிறுவனங்களின் பக்கம் ஸ்டாக்குக்குப் பெயர் ஐஆர்எஃப். அங்கே பிளவைக் கண்டுபிடிக்க எம்ஏடி என்று தனியாக ஓர் ஏற்பாடு. பிளந்தால் ஒரு பாதியின் போர்ட்டுகளைத் தானே மூடிவிடும். அதைக் கட்டாமலேயே ஐஆர்எஃப் மட்டும் கட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

பழைய_கன்சோல் | வெள்ளி, மாலை 4.30

வாதம் சுவையாகப் போகிறது, நடக்கட்டும். நாளை மதியம் ஒருவர் ரேக் முன்னால் நிற்கப் போகிறார். பிளவு என்ற பேச்சு வந்ததால் கேட்கிறேன்.

சாவித்துவாரம், 'ஷோ சுவிட்ச் ஸ்டாக்-ரிங் ஸ்பீட்' கொடுத்துப் பாருங்கள். மூன்று வரி வரும். இரண்டாவது வரியில் 'ஃபுல்' என்று இருக்கிறதா, 'ஹாஃப்' என்று இருக்கிறதா? மூன்றாவது சுவிட்சின் திருகைத் தொடுவதற்கு முன் எனக்கு அந்த ஒரு சொல் வேண்டும்.

சாவித்துவாரம் | வெள்ளி, மாலை 5.05

ஹாஃப்.

'ஷோ சுவிட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ்' கொடுத்தால் ஐந்தாவதில் ஒன்றும் முதலாவதில் ஒன்றும் 'டவுன்' என்று இருக்கின்றன. இன்றுவரை எந்தப் புகாரும் வந்ததில்லை. எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

பழைய_கன்சோல் | வெள்ளி, மாலை 5.25

ஓடும். நீங்கள் நாளை மூன்றாவதைக் கழற்றும் வரை ஓடும்.

ஸ்டாக் கேபிள் வளையமாக ஓட வேண்டும்: ஒன்றிலிருந்து இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, மீண்டும் ஒன்று. வளையமாக இருந்தால் எங்கே ஒரு வெட்டு விழுந்தாலும் மறுபக்கமாகப் போய்விடலாம். உங்களிடம் ஐந்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இணைப்பு இல்லை. ஆகவே அது வளையம் இல்லை, சங்கிலி. சங்கிலியின் நடுக் கண்ணிதான் மூன்று. அதைக் கழற்றினால் ஒன்றும் இரண்டும் ஒரு நாடு, நான்கும் ஐந்தும் இன்னொரு நாடு. இரண்டு பக்கமும் ஆக்டிவ் எழும். இரண்டிடமும் ஒரே கான்ஃபிக், ஒரே ஐபி. உங்கள் மேலிணைப்பு எங்கெங்கே?

சாவித்துவாரம் | வெள்ளி, மாலை 5.30

ஒன்றிலும் ஐந்திலும். போர்ட்-சேனலாக.

பழைய_கன்சோல் | வெள்ளி, மாலை 6.10

அப்படியானால் இரண்டு நாடும் கோரோடு பேசும், இரண்டும் 'நான்தான் அந்த ஐபி' என்று சொல்லும். சனிக்கிழமை மதியம் தொடங்கிய வேலை ஞாயிற்றுக்கிழமை வரை போயிருக்கும்.

எனவே முதல் வேலை வளையத்தை மூடுவது. ஓடும்போதே செய்யலாம், உள்ளேயே இருக்கும் உறுப்பினர்களுக்கு இடையே இணைப்பைச் சேர்ப்பதால் தேர்தல் வராது. அந்தக் கேபிளின் நீளத்தைப் பாருங்கள். 50 செ.மீ., 1 மீட்டர், 3 மீட்டர் என மூன்று அளவுகளில் வரும். சுவிட்சுகளுக்கு இடையில் பேட்ச் பேனல் (சுவர்க் கேபிள்கள் வந்து முடியும் பலகை) வைத்திருந்தால் கடைசியிலிருந்து முதலுக்கு 50 செ.மீ. எட்டுவதுபோல இருக்கும், எட்டாது. விறைத்து நின்று தலை முழுதாக உட்காராது. திருகை இரண்டு பக்கமும் விரலால் சமமாக முடுக்க வேண்டும்.

'ஃபுல்' வந்த பிறகு மட்டும் மூன்றைத் தொடுங்கள். முதலில் அதன் மின்சாரத்தை எடுங்கள், ஸ்டாக் கேபிளை அதன் பிறகு. வரிசை மாறினால், ஸ்டாக்கிலிருந்து பிரிந்த மூன்று உயிரோடு தனி ஆக்டிவாக நின்று அதே ஐபியோடு கூவும். புதியதை ரேக்கில் மாட்டி, இரண்டு ஸ்டாக் கேபிளையும் செருகி, எல்லாவற்றுக்கும் கடைசியாக மின்சாரம்.

அதற்கு முன் இன்றிரவே புதியதை மேசையில் வைத்துத் தனியாக எழுப்பிப் பாருங்கள். பிரயாரிட்டி 1 தானா? எண்ணை 3 என்று மாற்றிவிடுங்கள். காலியாக இருக்கும் எண் 3 மட்டும் என்பதால் தானாகவே அதுதான் கிடைக்கும். இருந்தாலும் அதிர்ஷ்டத்தின் தோளில் கை போட வேண்டாம். மூன்றாவதன் போர்ட் கான்ஃபிக் ஸ்டாக்கிலேயே காத்திருக்கும், அதே மாடல் அதே எண்ணோடு வந்தால் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

செம்புக்கம்பி | வெள்ளி, மாலை 6.40

இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'ஷோ சுவிட்ச்'சில் 'ரெடி' வராது, 'வி-மிஸ்மேட்ச்' என்று நிற்கும். தானாக மேம்படுத்தும் வசதி இருக்கிறது, ஆனால் சுவிட்ச் இன்ஸ்டால் முறையில், அதாவது மென்பொருளைப் பிரித்துவைத்த கோப்புகளிலிருந்து, எழுந்திருக்க வேண்டும். பிரிக்காத ஒற்றைக் கோப்பிலிருந்து எழும் பண்டில் முறையில் அது வேலை செய்யாது. உரிம நிலையையும் பாருங்கள். எசென்ஷியல்ஸ், அட்வான்டேஜ் என்ற இரண்டு உரிம நிலைகளும் ஒரே ஸ்டாக்கில் சேராது.

முதலாண்டு | வெள்ளி, இரவு 8.00

படித்துக்கொண்டே வருகிறேன், ஒரு சந்தேகம். வளையம் பாதியாக இருந்தபோது வேகமும் பாதிதானே? யாருக்கும் ஏன் தெரியவில்லை?

பழைய_கன்சோல் | வெள்ளி, இரவு 8.35

நல்ல கேள்வி. 9300இல் 480 ஜிகாபிட் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். வளையத்தின் உண்மையான கொள்ளளவு 240. ஒரே நேரத்தில் வளையத்தின் வெவ்வேறு துண்டுகளில் வெவ்வேறு பாக்கெட்டுகள் ஓடலாம் என்பதால் அதை இரட்டித்துச் சொல்கிறார்கள். பாதியாகிப் போனாலும் நிர்வாக அலுவலகத்தின் மின்னஞ்சலுக்கும் கேமராவுக்கும் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

முதல் 3750இல் அப்படி இல்லை. மொத்தமே 32 ஜிகாபிட். ஒரே சுவிட்சின் இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே போகும் பாக்கெட்கூட வளையத்தைச் சுற்றிவிட்டு வரும். அனுப்பிய சுவிட்சே அதைத் திரும்ப எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கடிதம் போட்டால் ஊர் சுற்றி வருவதுபோல. அடுத்த தலைமுறையான ஸ்டாக்வைஸ் பிளஸ்ஸில்தான் சேருமிடத்திலேயே பாக்கெட்டை இறக்கும் பழக்கமும், உள்ளூர் வேலையை உள்ளூரிலேயே முடிக்கும் பழக்கமும் வந்தன. அந்தக் காலத்தில் வளையம் உடைந்தால் தொலைபேசி அடித்துவிடும். இப்போது அடிப்பதில்லை, அதுதான் வம்பு. கண்காணிப்பு மென்பொருளில் வளைய நிலைக்கு ஓர் எச்சரிக்கை வைத்தாலொழிய யாரும் சொல்ல மாட்டார்கள்.

தனித்தீவு | வெள்ளி, இரவு 9.15

என்றாவது ஒருநாள் ஐந்தாவதைக் கழற்ற நேரலாம், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது ஆக்டிவ் அதுதான் என்பதால் ஸ்டாக்கின் மேக் முகவரி (வன்பொருளின் அடையாள எண்) அதனுடையதாக இருக்கும். 9300இல் ஆக்டிவ் மாறினாலும் பழைய மேக்கையே ஸ்டாக் வைத்துக்கொள்ளும். போர்ட்-சேனல் விழுந்து எழாமல் இருப்பதற்காக. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஐந்தாவதை எடுத்து அதே வலையமைப்பில் வேறு மாடியில் வைத்தால், ஒரே மேக்கோடு இரண்டு பேர் நடமாடுவார்கள். விடிய விடியத் தேடினாலும் பிடிபடாது.

ஸ்டாக்கை எதிர்ப்பவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்ததால்தான் எதிர்க்கிறேன்.

சாவித்துவாரம் | சனி, இரவு 9.45

முடிந்தது. சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஐந்திலிருந்து ஒன்றுக்குப் போன கேபிள் 50 செ.மீ.தான். நடுவில் இரண்டு பேட்ச் பேனல். ஒரு முனையின் திருகு பாதிதான் ஏறியிருந்தது. போன வருடம் அந்தக் களேபரத்தில் நானே அவசரமாகச் செருகியது. வேறு யாரையும் சொல்ல முடியாது. 1 மீட்டர் கேபிளைப் போட்டதும் 'ஃபுல்' என்று வந்தது. அந்தச் சொல்லைப் பார்க்க இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

புதியதை நேற்றிரவே மேசையில் எழுப்பிப் பார்த்தது காப்பாற்றியது. பதிப்பு வேறு, முறையும் பண்டில். இன்ஸ்டால் முறைக்கு மாற்றி, ஸ்டாக்கின் பதிப்பை ஏற்றி, எண்ணை 3 ஆக்கி, பிரயாரிட்டி 1 என்று உறுதிசெய்துகொண்டு அணைத்தேன். இன்று மதியம் மூன்றாவதன் மின்சாரத்தை எடுத்தேன், மற்ற நான்கும் அசையவில்லை. புதியதை மாட்டி, கேபிள், கடைசியில் மின்சாரம். எட்டு நிமிடம் போல அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'ரெடி' வந்தது. போர்ட் கான்ஃபிக் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. 'ரைட் மெமரி' கொடுத்துச் சேமித்தேன்.

பிறகு முதலாவதற்கு 15, இரண்டாவதற்கு 14, ஐந்தாவதற்கு 1 என்று பிரயாரிட்டியை மாற்றினேன். எதுவும் உடனே மாறவில்லை, ஐந்துதான் இன்னும் ஆக்டிவ். அடுத்த மறுதொடக்கம் வரை அப்படியே இருக்கட்டுமா?

பழைய_கன்சோல் | சனி, இரவு 10.05

இருக்கட்டும். அடுத்து மென்பொருள் மேம்படுத்தும் நாளில் எப்படியும் எல்லாம் எழும்பும், அப்போது ஒன்று ஏறிக்கொள்ளும். ஓடுகிற ஸ்டாக்கை அழகுக்காக மறுதொடக்கம் செய்யாதீர்கள்.

இடி பட்ட மூன்றாவதையும் அந்த 50 செ.மீ. கேபிளையும் என்ன செய்தீர்கள்?

சாவித்துவாரம் | சனி, இரவு 10.12

சுவிட்சின் மேல் 'இடி பட்டது, 1 முதல் 12 வரை இல்லை, எண் 3' என்று ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். கேபிளும் அங்கேதான்.

தனித்தீவு | சனி, இரவு 10.20

சரியாக உட்காராமல் ஒரு வருடம் தொங்கிய கேபிளை எதற்கு அலமாரியில் வைக்கிறீர்கள்? அடுத்து வருபவர் நல்லது என்று நினைத்து எடுத்துச் செருகுவார். வெட்டிப் போடுங்கள்.

சாவித்துவாரம் | ஞாயிறு, காலை 8.50

வெட்டிவிட்டேன்.